புதுப்பல் ஏன் மஞ்சள்?

பால்பல் விழுந்து புதிதாக முளைத்த முன்பல்லைக் கண்ணாடியில் பார்த்துக் கவலைப்படுகிற பிள்ளைகள் நிறையப் பேர். பக்கத்துப் பால்பல் வெள்ளைவெளேரென்று இருக்க, இது மட்டும் மஞ்சளாகத் தெரிகிறதே! சரியாகத் துலக்கவில்லை என்று வீட்டில் திட்டும் விழும். பாவம், அது அழுக்கே இல்லை.

பல்லின் மேற்பூச்சுக்கு எனாமல் என்று பெயர். நம் உடம்பில் இதைவிடக் கடினமானது எதுவும் கிடையாது. எடையில் சுமார் 96 விழுக்காடு கனிமம். இது ஒளியை ஓரளவு உள்ளே விடும். அடியில் இருக்கும் டென்டின் இளமஞ்சள் நிறம். உள்ளே போன ஒளி டென்டினில் பட்டு, மஞ்சளாகத் திரும்பி வருகிறது. பால்பல்லின் எனாமலில் கனிமம் சற்றுக் குறைவு. அதனால் ஒளி அவ்வளவாக ஊடுருவாது. பல் வெள்ளையாகத் தெரிகிறது.

எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்தால் பல் வெளுக்கும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். அமில அளவுகோலான பிஎச் சுமார் 5.5க்குக் கீழே போனாலே எனாமல் கரையத் தொடங்கும். எலுமிச்சையின் பிஎச் ஏறத்தாழ 2! கரித்தூளை அழுத்தித் தேய்த்தாலும் எனாமல் தேயும். எனாமலை உருவாக்கிய செல்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுவதால், தேய்ந்தது மறுபடி வளராது. எனாமல் மெலிந்தால் டென்டின் இன்னும் பளிச்சென்று தெரியும். வெளுக்கத் தேய்த்த பல் மேலும் மஞ்சளாகிவிடும்.

பல் மருத்துவர்கள் வெளுப்பதற்குப் பயன்படுத்துவது ஹைட்ரஜன் பெராக்சைடு. அதன் மூலக்கூறு மிகச் சிறியது. எனாமலுக்குள் புகுந்து, நிறம் தரும் பெரிய மூலக்கூறுகளை உடைத்துவிடும். சில நாள் பல் கூசும். பெரியவர்களுக்கான சிகிச்சை இது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 0.1 விழுக்காட்டுக்கு மேல் பெராக்சைடு உள்ள பல் வெளுப்பான்களை 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பயன்படுத்தத் தடை உண்டு. சில பற்பசைகளில் நீல நிறமி கலந்திருக்கும். வெள்ளை வேட்டிக்கு நீலம் போடுகிற அதே வித்தைதான்: நீலம் மஞ்சளை மறைக்கும், கொஞ்ச நேரத்துக்கு.

தேநீர்க் கறையையும் வெற்றிலைக் கறையையும் மருத்துவர் சுத்தம் செய்துவிடுவார். எவ்வளவு தேய்த்தாலும் போகாத கறை ஒன்றும் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல பிள்ளைகளின் பற்களில் பழுப்புத் திட்டுகள் இருக்கும். நிலத்தடி நீரில் மிகுந்திருக்கும் ஃபுளோரைடு, பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும்போதே எனாமலைக் கெடுத்துவிடுகிறது. சிறிதளவு ஃபுளோரைடு பற்சிதைவைத் தடுக்கும். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த மாவட்டங்களுக்கு நல்ல தண்ணீர் தரத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது.

உங்கள் வகுப்பில் பலருக்கு இப்படித் திட்டுகள் இருந்தால் அவர்களைக் கேலி செய்யாதீர்கள். ஊர்க் கிணற்று நீரைச் சோதித்துப் பார்க்கச் சொல்லி ஆசிரியரிடம் கேளுங்கள்.