அரைமண்டிக்கு முன் ஓர் இட்லி

காலையில் பரதநாட்டிய வகுப்புக்குக் கிளம்புகிறாய். இட்லித் தட்டோடு அம்மா பின்னாலேயே வருகிறார். "பசியே இல்லையே, எதுக்கும்மா சாப்பிடணும்?" என்று கேட்கிறாய். சபாஷ், கண்ணு! அடம் பிடிக்காமல் காரணம் கேட்கிறாய் பார், அது எனக்குப் பிடித்திருக்கிறது. வா, சேர்ந்து யோசிப்போம்.

பசி இல்லை என்று நீ சொல்வது பொய்யில்லை. நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது மாலையில் பசியைக் கூட்டும், காலையில் குறைக்கும். ராத்திரி முழுக்கச் சாப்பிடாமல் இருந்தும் எழுந்ததும் பசிக்காதது அதனால்தான். (இந்த வரியை அம்மாவுக்கும் படித்துக் காட்டு.) ஆனால், பசிக்கவில்லை என்பதற்காக உள்ளே இருப்பு நிறைய இருக்கிறது என்று நினைத்துவிடாதே.

அந்த இருப்பு எங்கே இருக்கிறது? வலது பக்க விலா எலும்புகள் மேல் கையை வை. அதற்கு உள்ளேதான் கல்லீரல். நீ சாப்பிடும் சோறும் இட்லியும் குளுக்கோஸ் என்ற சர்க்கரையாகி ரத்தத்தில் சேரும். மிச்சமாவதில் ஒரு பகுதியைக் கல்லீரல் கிளைக்கோஜனாக மாற்றிச் சேர்த்து வைக்கும். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள். ராத்திரி மோட்டார் ஓடவில்லை. ஒரு குழாய் மட்டும் திறந்தே கிடக்கிறது. விடியும்போது தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கும்?

குழாயைத் திறந்து வைத்தது யார் தெரியுமா? முக்கியமாக, உன் மூளை! நீ தூங்கினாலும் அது வேலையை நிறுத்துவதில்லை. பெரியவர்களின் மூளை உடல் எடையில் 100-ல் 2 பங்குதான். ஆனால் சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் 5-ல் 1 பங்கு அதற்கே போய்விடும். உன் வயதில் அந்தப் பங்கு இன்னும் அதிகம். பெரியவர்களின் கல்லீரலில் சுமார் 100 கிராம் கிளைக்கோஜன் தங்கும். உன் கல்லீரலோ சின்னது. இருப்பு குறைவு, செலவு கூடுதல். புரிகிறதா?

இப்போது அரைமண்டியில் உட்கார். முழங்கால் பக்கவாட்டில், முதுகு நேராக. அசையாமல் இருந்தாலே கொஞ்ச நேரத்தில் தொடை நடுங்குகிறதா? தசைகள் நீளாமலும் குறுகாமலும் இறுகியபடியே உழைக்கின்றன. அவற்றுக்குள்ளும் கிளைக்கோஜன் உண்டு. ஆனால் தொடைத் தசை பெரிய கஞ்சன். தன் கிளைக்கோஜனைக் குளுக்கோஸாக்கி ரத்தத்தில் விடாது. அதற்கு வேண்டிய நொதி கல்லீரலில் இருக்கிறது, தசையில் இல்லை. ஆக, மூளைக்குத் தொடை உதவாது.

தட்டடவை முதல் காலத்தில் நிதானமாக ஆடிவிடுவாய். மூன்றாம் காலத்தில் அதைப்போல நான்கு மடங்கு வேகம்! டீச்சர் தட்டுக்கழியால் தட்டத் தட்ட, எந்தக் கால், எந்தக் கை என்று கணக்கு வைப்பது மூளைதானே? காலி வயிற்றோடு ஆடினால் சிலருக்குத் தலை கிறுகிறுக்கும், கவனம் சிதறும். வீட்டில் பயிற்சி செய்யாமல் தாளம் தவறினால் மட்டும் இட்லியைக் குறை சொல்லாதே!

சரி, எதைச் சாப்பிடுவது? ஆடும்போது ரத்தம் கால் தசைகளுக்கு அதிகமாக ஓடும். வயிற்றுக்குப் போவது குறையும். எண்ணெய்ப் பண்டமோ வயிற்றில் அதிக நேரம் தங்கும். பூரி தின்றுவிட்டுக் குதித்தால் அது நெஞ்சுக்கு ஏறத்தான் பார்க்கும். இட்லி ஆவியில் வெந்தது, எண்ணெய் இல்லாதது. வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்பு ஒன்றோ இரண்டோ போதும். நேரமில்லையா? ஒரு வாழைப்பழம். அதுவும் இறங்கவில்லையா? பாதிப் பழத்தில் ஆரம்பி. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் வயிறு பழகிக்கொள்ளும். தண்ணீரையும் மறக்காதே.

வகுப்பு முடிந்ததும் தசைகள் செலவழித்ததைத் திரும்ப நிரப்பிக்கொள்ளத் தயாராக இருக்கும். தோசை, சாம்பார், முட்டை என்று வயிறார உட்கார்ந்து சாப்பிடு. அம்மாவிடம் வடை கேட்கவும் அதுதான் நல்ல நேரம்.