நெடுஞ்சாலையோர நிலமும் மறுக்கப்படும் வாசலும்

பொதுச் சாலையை ஒட்டி நிலம் வைத்திருப்பவர், தம் நிலம் அந்தச் சாலையைத் தொடும் எந்த இடத்திலிருந்தும் அதில் ஏறி இறங்கலாம் என்பது ஆங்கிலேயப் பொதுச் சட்டம் வழங்கிய உரிமை. இந்திய நீதிமன்றங்களும் அதை நெடுங்காலமாக ஏற்று வந்திருக்கின்றன. ஆனால் தேசிய நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் இன்று இந்த உரிமை அப்படியே செல்லாது. 2005 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த தேசிய நெடுஞ்சாலைகள் (நிலம் மற்றும் போக்குவரத்து) கட்டுப்பாட்டுச் சட்டம், 2002, தன் 28ஆம் பிரிவில், வாகனத்தில் வந்தாலும் சரி, ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் கூட்டமாக நடந்து வந்தாலும் சரி, நெடுஞ்சாலை நிர்வாகத்தின் அனுமதியின்றி எவருக்கும் அணுகுரிமை கிடையாது என்று வகுத்துவிட்டது. நெடுஞ்சாலை நிர்வாகம் என்பது மத்திய அரசு இதற்கென அறிவிக்கை வழியாக ஏற்படுத்தும் அமைப்பு; நிலத்திலிருந்து வண்டி சாலைக்கு ஏறி இறங்கும் இடமே அணுகுவழி. ஆகவே பட்டா தம் பெயரில் இருக்கிறது, சாலை வாசலை ஒட்டிப் போகிறது என்ற இரண்டை மட்டும் நம்பி மேல்முறையீட்டுக்குப் போகும் நிலவுடைமையாளர், சட்டம் ஏற்கெனவே மூடிவிட்ட கதவைத் தட்டுகிறார்.

இந்தக் கட்டுப்பாட்டின் காரணம் பொறியியல் சார்ந்தது. வேகமாகச் செல்லும் சாலையில் ஒவ்வொரு திறப்பும், வேகம் குறைத்துத் திரும்பும் வண்டியும் வேகம் குறைக்காமல் வரும் வண்டியும் மோதக்கூடிய இடமாகிறது. அதனால்தான் சமவெளிப் பகுதியில் பெட்ரோல் பங்க் அமைப்பவரிடம், உள்ளே திரும்பும் வண்டிகளுக்கு 70 மீட்டர் நீளத்தில் வேகம் குறைக்கும் தடமும், வெளியேறும் வண்டிகளுக்கு 100 மீட்டர் நீளத்தில் வேகம் கூட்டும் தடமும் பொதுவாகக் கேட்கப்படுகின்றன. அருகிலுள்ள சாலைச் சந்திப்பிலிருந்தும், அடுத்த பங்கிலிருந்தும் குறிப்பிட்ட தூரம் விலகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. பங்க், உணவகம், தனியார் மனை, இணைப்புச் சாலை ஆகியவற்றுக்கான இத்தகைய அளவுகளை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2020 ஜூனில் ஒருங்கே தொகுத்து வெளியிட்டது. விண்ணப்பம் மறுக்கப்படும்போது காரணம் பெரும்பாலும் இந்த அளவுகளில் ஒன்றாகவே இருக்கும்.

மறுப்பு கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, அது மேல்முறையீட்டுக்கு உரியதுதானா என்பது. சட்டத்தின் 14ஆம் பிரிவு எல்லா நடவடிக்கைகளுக்கும் மேல்முறையீட்டு வாய்ப்பைத் தரவில்லை. அணுகுரிமை குறித்த 28ஆம் பிரிவு, ஆக்கிரமிப்பை அகற்றும் 26ஆம் பிரிவு உள்ளிட்ட சில பிரிவுகளின் கீழ் பிறப்பிக்கப்பட்ட ஆணைகளுக்கும் எடுக்கப்பட்ட நடவடிக்கைகளுக்கும் மட்டுமே தருகிறது. நோட்டீஸ் அனுப்புவது இதில் சேராது. வீட்டு வாசலில் வடிகாலின் மேல் போட்ட சாய்தளத்தை ஏன் இடிக்கக் கூடாது என்று கேட்டு நோட்டீஸ் வந்தால், அதை எதிர்த்து வழக்குப் போட ஓடுவதைவிட, குறித்த நாளுக்குள் எழுத்தில் விளக்கம் தருவதே சரியான வழி. அந்த விளக்கம் பின்னாளில் மேல்முறையீட்டின் அடித்தளமாகவும் அமையும்.

எங்கே முறையிடுவது என்ற கேள்விக்கு விடை இருபது ஆண்டுகளுக்குள் இரண்டு முறை மாறியிருக்கிறது. மூலச் சட்டம் இதற்கெனத் தேசிய நெடுஞ்சாலைகள் தீர்ப்பாயத்தை வகுத்தது. 2017ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் அதை விமான நிலையங்களுக்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தோடு இணைத்தது. நெடுஞ்சாலையோரத்து டீக்கடைக்காரர் தம் வாசலுக்காக விமான நிலையத் தீர்ப்பாயத்தின் படியேற வேண்டும் என்ற அந்த ஏற்பாட்டை, தீர்ப்பாயங்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் அவசரம் என்பதைத் தவிர வேறெப்படியும் விளக்க முடியாது. 2021ஆம் ஆண்டின் தீர்ப்பாயங்கள் சீர்திருத்தச் சட்டம் அதையும் நீக்கி, இந்த அதிகாரத்தை உரிமையியல் நீதிமன்றத்துக்கு மாற்றியது. மாவட்டத்தின் முதன்மை உரிமையியல் நீதிமன்றத்தையும், அசல் உரிமையியல் அதிகாரவரம்பு உள்ள இடங்களில் உயர் நீதிமன்றத்தையும் இது குறிக்கும். சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய அதிகாரவரம்பு உள்ள நீதிமன்றங்களுள் ஒன்று. மாநில நெடுஞ்சாலைகளுக்கு இவை எதுவும் பொருந்தாது. தமிழ்நாட்டில் அவற்றுக்கு 2001ஆம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம் தனியே இருக்கிறது.

மேல்முறையீட்டுக்கான காலக்கெடு, ஆணை பிறப்பிக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாள்கள். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் அதன் பின்னும் ஏற்கப்படலாம். இந்த நாள்கள் பார்வைக்குத் தோன்றுவதைவிடக் குறைவானவை. தள ஆய்வு அறிக்கையையும் கோப்புக் குறிப்புகளையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டால், பதில் தர அலுவலகத்துக்கு 30 நாள்கள் உண்டு. எனவே ஆணை வந்த வாரத்திலேயே அந்த மனுவைப் போட்டுவிடுவது நல்லது. வழக்கின் உயிர் பெரும்பாலும் அந்தக் காகிதங்களில்தான் இருக்கும். சந்திப்பிலிருந்து தூரம் போதவில்லை என்று ஆணை சொன்னால், அளவு எந்தப் புள்ளியிலிருந்து எடுக்கப்பட்டது, சர்வீஸ் ரோடு கணக்கில் கொள்ளப்பட்டதா, அதே நீளத்தில் அதே அளவுள்ள இன்னொரு நிலத்துக்கு அனுமதி தரப்பட்டிருக்கிறதா என்பன நீதிமன்றம் காது கொடுக்கும் கேள்விகள். ‘விதிமுறைகளுக்கு உட்படவில்லை’ என்ற ஒற்றை வரியோடு ஆணை முடிந்திருந்தால், அதுவே விண்ணப்பதாரருக்கு வலுவான பிடி. ஓர் அதிகாரியின் ஆணையை அதில் எழுதப்பட்ட காரணங்களை வைத்தே சீர்தூக்க வேண்டும், பின்னர் பிரமாணப் பத்திரத்தில் புதிய காரணங்களைச் சேர்த்து அதை நிமிர்த்த முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் மொகிந்தர் சிங் கில் வழக்கில் 1977 டிசம்பரிலேயே தெளிவாக்கிவிட்டது.

ஏற்கெனவே உள்ள அணுகுவழியை நிர்வாகம் வேறிடத்துக்குத் திருப்பிவிடும் நிலை சற்று வேறுபட்டது. மாற்றாகத் தரப்படும் வழி பழையதிலிருந்து நியாயமற்ற தொலைவில் இருக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஆயினும் அந்தப் பிரிவு 14ஆம் பிரிவின் பட்டியலில் இல்லை. சென்டர் மீடியனில் இருந்த திறப்பு அடைபடும்போதும் நிலைமை ஏறத்தாழ இதுவே. இவற்றுக்கு அரசமைப்புச் சட்டத்தின் 226ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுவதே வழி. அங்கே நீதிபதிகள் சாலை வடிவமைப்புக்குள் நுழையத் தயங்குவார்கள். நெடுஞ்சாலை ஆணையம் துறை வல்லுநர்களைக் கொண்ட அமைப்பு, ஒரு திட்டத்தின் பொருத்தத்தை நீதிமன்றம் எடைபோடுவது முறையல்ல என்று உச்ச நீதிமன்றம் குசல ஷெட்டி வழக்கில் 2011இல் கூறியது அந்தத் தயக்கத்துக்கு வலுச் சேர்த்திருக்கிறது. அதனால் மனுதாரர் வென்றாலும் கையில் கிடைப்பது நேரடி அனுமதியாக இருப்பது அரிது. ஆணையை ரத்து செய்து, மனுதாரரை நேரில் கேட்டு, காரணங்களோடு புதிதாக முடிவெடுக்குமாறு அதே அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்புவதே வழக்கமான தீர்ப்பு. இரண்டாம் முறை அந்த மேசைக்குப் போகும்போது, அளவுகள் குறிக்கப்பட்ட வரைபடமும், திருத்தப்பட்ட தட அமைப்பும் விண்ணப்பத்தோடு சேர்ந்திருந்தால், மறுப்பதற்கு அலுவலர் புதிய காரணம் தேட வேண்டியிருக்கும்.