பழைய கேமுக்குள்ளேயே நுழையலாம், ஆனால் தலை சுற்றுமே! விஆர் மாற்று மென்பொருள்கள் எப்படி வேலை செய்கின்றன?

ஜோலார்பேட்டை ஜங்ஷன். சென்னையிலிருந்து வரும் பாதை பெங்களூருக்கும் சேலத்துக்கும் பிரிகிற இடம். உங்கள் ரயில் நின்றுகொண்டிருக்கிறது. ஜன்னல் வழியே பக்கத்துத் தண்டவாளத்து ரயிலைப் பார்க்கிறீர்கள். திடீரென்று உங்கள் ரயில் கிளம்பிவிட்டது போல ஓர் உணர்வு. அடிவயிற்றில் லேசாக ஒரு பிடி. இரண்டு நொடி கழித்துதான் தெரிகிறது, கிளம்பியது பக்கத்து ரயில்!

இந்த இரண்டு நொடி ஏமாற்றத்தை மூளை அறிவியலில் 'வெக்‌ஷன்' என்கிறார்கள். உடம்பு அசையாமல் இருக்க, கண் மட்டும் "நகர்கிறோம்" என்று சொல்வது. விஆர் ஹெட்செட்டின் மாயமும் தொந்தரவும் இதில்தான் இருக்கிறது. அதிலும், டிவிக்காகவும் மானிட்டருக்காகவும் செய்த சாதாரண கேம்களை ஹெட்செட்டுக்குள் கொண்டுவரும் 'மாற்று மென்பொருள்'களில் இந்தத் தொந்தரவு இன்னும் அதிகம்.

முதல் இரண்டு மூன்று சம்பளத்தைச் சேர்த்து ஹெட்செட் வாங்கத் திட்டமிடும் பலருக்கும் ஒரு கணக்கு இருக்கும்: "விஆருக்கென்று தனியாக கேம் வாங்க வேண்டாம், ஏற்கெனவே வாங்கிய கேம்களையே மாற்றி விளையாடிக்கொள்ளலாம்." இந்தக் கணக்கு சரியா? பார்க்கலாம்.

முதலில், இது என்ன?

மானிட்டரில் தெரிவது ஒரே படம். ஹெட்செட்டில் இடது கண்ணுக்கு ஒன்று, வலது கண்ணுக்கு ஒன்று என இரண்டு படங்கள் வேண்டும். மனிதர்களின் இரு கண்களுக்கு நடுவே சராசரியாக 6.3 செ.மீ. இடைவெளி. அந்த இடைவெளி அளவுக்கு இரண்டு படங்களும் வேறுபட வேண்டும். ஆம்பூரில் தயாராகும் ஒரு ஜோடி ஷூவை நினைத்துக்கொள்ளுங்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் இடதை வலதுக்குப் போட முடியாது. அப்படித்தான் இதுவும்.

கூடவே, நீங்கள் தலையைத் திருப்பினால் கேமுக்குள் கேமராவும் திரும்ப வேண்டும். இந்த இரண்டு வேலையையும், அதற்காக உருவாக்கப்படாத ஒரு கேமில் செய்துகாட்டுவதுதான் மாற்று மென்பொருள்.

'சிவாஜி 3டி' மாதிரியா?

பாதி ஆமாம், பாதி இல்லை.

2007-ல் வெளியான ரஜினியின் 'சிவாஜி', 3டி-யாக மாற்றப்பட்டு 2012 டிசம்பரில் மீண்டும் திரைக்கு வந்தது. அப்படி ஒரு படத்தை மாற்றுவது பெரிய வேலை. சினிமா ஃபிரேமில் ரஜினி எவ்வளவு தூரத்தில் நிற்கிறார், பின்னால் இருக்கும் சுவர் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற தகவலே கிடையாது. எது முன்னால், எது பின்னால் என்று ஒவ்வொரு காட்சியாகக் கலைஞர்கள் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

கேம் விஷயத்தில் அந்தச் சிக்கல் இல்லை. 3டி கேம் என்பது கம்ப்யூட்டருக்குள் முழுமையாகக் கட்டப்பட்ட ஓர் ஊர். வீடு, தெரு, எதிரி எல்லாமே நீளம், அகலம், ஆழத்தோடு உள்ளே தயாராக இருக்கின்றன. கேமரா ஒன்றே ஒன்று இருப்பதால்தான் நமக்குத் தட்டையாகத் தெரிகிறது. இன்னொரு கேமராவை வைத்தால் போதும். சினிமாவுக்குப் பல மாதம் ஆகும் வேலையை இங்கே மென்பொருள் அந்தந்த நொடியிலேயே செய்துவிடுவது இதனால்தான்.

மூன்று வழிகள்

கேமுக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்வதுதான் இந்த மென்பொருள்களின் அடிப்படை உத்தி. "இந்தக் காட்சியை வரை" என்று கேம் சொல்லும் கட்டளையை வழியில் மறித்து மாற்றிவிடும். அதில் மூன்று வழிகள் உண்டு.

ஒன்று, ஒவ்வொரு காட்சியையும் இரண்டு முறை முழுசாக வரைவது. படம் உண்மையான ஆழத்தோடு இருக்கும். ஆனால் கார்டுக்குச் சுமை அதிகம். மானிட்டரில் நொடிக்கு 60 படம் போட்ட கேம், 90 ஹெர்ட்ஸ் ஹெட்செட்டில் கண்ணுக்கு 90 வீதம் 180 படம் போட வேண்டும். அதாவது மூன்று மடங்கு.

இரண்டு, ஒரு முறை மட்டும் வரைந்து, எது எவ்வளவு தூரம் என்று கேம் வைத்திருக்கும் குறிப்பை எடுத்து, இரண்டாவது கண்ணின் படத்தை ஊகித்துச் செய்வது. வேகமாக நடக்கும். ஆனால் ஒரு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும் பகுதியை நிரப்ப முடியாமல் ஓரங்களில் படம் இழுபடும்.

மூன்று, இடது கண்ணுக்கு ஒரு முறை, வலது கண்ணுக்கு மறுமுறை என மாற்றி மாற்றி வரைவது. சுமை பாதியாகும். ஆனால் வேகமாக ஓடும் காரைப் பார்த்தால் இரண்டு கண்ணும் வெவ்வேறு கணத்தைப் பார்க்கும். அதனால் கார் இரட்டையாகத் தெரியலாம்.

இது எப்போது தொடங்கியது?

சொல்லப்போனால், இன்றைய விஆர் அலையே ஒரு பழைய கேமில்தான் தொடங்கியது. 2012 ஜூனில் அமெரிக்காவின் ஈ3 கண்காட்சியில் ஜான் கார்மக், ஓக்குலஸ் ரிஃப்ட்டின் மாதிரியைக் காட்டினார். அதில் ஓடியது மானிட்டருக்காக 2004-ல் வந்த 'டூம் 3'-ன் மாற்றிய வடிவம். சில வாரங்களில் பால்மர் லக்கி கிக்ஸ்டார்ட்டரில் நிதி கேட்டார். இலக்கு 2.5 லட்சம் டாலர், சேர்ந்தது சுமார் 24 லட்சம் டாலர்.

2013-ல் 'விரெயோ பெர்செப்ஷன்' என்ற இலவச மென்பொருளும், 'வோர்ப்எக்ஸ்' என்ற கட்டண மென்பொருளும் வந்தன. வோர்ப்எக்ஸ் விலை சுமார் 40 டாலர். பல பழைய கேம்களுக்கு இன்றும் பயன்படுகிறது.

பெரிய திருப்பம் 2024 ஜனவரியில் வந்தது. 'பிரேடாக்' என்ற பெயரில் இயங்கும் புரோகிராமர், 'யூஇவிஆர்' என்ற இலவச மென்பொருளை வெளியிட்டார். இதன் ஐடியா எளிமையானது. நூற்றுக்கணக்கான கேம்கள் 'அன்ரியல் இன்ஜின்' என்ற ஒரே அடித்தளத்தில் கட்டப்பட்டவை. அந்த இன்ஜினுக்குள் விஆர் வசதி ஏற்கெனவே இருக்கிறது, கேம் நிறுவனங்கள்தான் பயன்படுத்தவில்லை. வீட்டில் வயரிங் எல்லாம் இழுத்துவிட்டு ஸ்விட்ச் மட்டும் வைக்காமல் விட்டது போல. யூஇவிஆர் அந்த ஸ்விட்ச்சை வைக்கிறது. அவ்வளவுதான். ஒவ்வொரு கேமுக்கும் தனித்தனியாக உழைக்கத் தேவையில்லாமல் போனது.

சரி, தலை ஏன் சுற்றுகிறது?

இதற்கு விடை தேடியவர்களில் ஒருவருக்குத் தமிழ்நாட்டோடு தொடர்பு உண்டு. ஓக்குலஸ் நிறுவனத்தின் தொடக்ககாலத்தில் தலைமை விஞ்ஞானியாக இருந்தவர் ஸ்டீவன் லவால். தலை அசைவைத் துல்லியமாகப் பின்தொடரும் நுட்பத்திலும், விஆர் தலைசுற்றலைக் குறைப்பதிலும் வேலை செய்தவர். அவர் ஐஐடி மெட்ராஸில் நடத்திய விஆர் பாடம் என்பிடெல் வழியாக இலவசமாகவே கிடைக்கிறது. அவருடைய 'விர்ச்சுவல் ரியாலிட்டி' பாடநூலையும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம்.

விஷயம் இதுதான். உள்காதில் சமநிலையைக் கவனிக்கும் உறுப்பு இருக்கிறது. நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து ஸ்டிக்கைத் தள்ளி கேமுக்குள் ஓடும்போது, "ஓடுகிறோம்" என்கிறது கண். "இல்லையே, உட்கார்ந்துதானே இருக்கிறோம்" என்கிறது காது. இந்தச் சண்டைதான் வியர்வை, குமட்டல், தலைசுற்றல் என வெளிப்படுகிறது. ஜங்ஷனில் இரண்டு நொடியில் முடிந்துவிடுவது, ஹெட்செட்டுக்குள் அரைமணி நேரம் தொடர்கிறது.

ஜோலார்பேட்டைக்காரர்களுக்கு இன்னொரு உதாரணமும் பக்கத்திலேயே இருக்கிறது. ஏலகிரி மலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது பின்சீட்டில் இருப்பவருக்குக் குமட்டும், வண்டி ஓட்டுபவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அடுத்து எந்தப் பக்கம் திரும்பப் போகிறோம் என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும்.

விஆருக்கென்றே உருவாக்கிய கேம்கள் உங்களை ஓட்டுநர் இடத்தில் வைக்கின்றன. வால்வ் நிறுவனத்தின் 'ஹாஃப் லைஃப்: அலிக்ஸ்' (2020) நல்ல உதாரணம். நடப்பதற்குப் பதிலாக ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தாவும் வசதி, கையை நீட்டிப் பொருளை எடுப்பது, உங்கள் அனுமதி இல்லாமல் திரும்பாத கேமரா என்று எல்லாமே உடம்பை நினைத்துச் செய்தவை.

மாற்றிய கேமில் நீங்கள் பல நேரம் பின்சீட்டில்தான். கதைக் காட்சி வந்தால் கேமரா தானாகச் சுழலும். குண்டு வெடித்தால் திரை குலுங்கும். மானிட்டரில் இதெல்லாம் 'மாஸ்' ஆக இருக்கும், ஹெட்செட்டில் வயிற்றைப் பிரட்டும். 90 படத்துக்குப் பதில் 50, 60 என்று வேகம் இறங்கினால் தொந்தரவு கூடும். மூலையில் இருக்கும் மேப்பையும் எழுத்துகளையும் படிக்கவே முடியாமல் போகலாம். கண் இடைவெளி அளவு தப்பினால் கட்டடங்கள் பொம்மை வீடு மாதிரி தெரியும்.

இயக்குநர் ஷங்கரின் இரண்டு படங்களை வைத்தே இதைச் சொல்லிவிடலாம். 'சிவாஜி' பிறகு 3டி-க்கு மாற்றப்பட்டது. '2.0' (2018) தொடக்கத்திலிருந்தே 3டி கேமராவில் எடுக்கப்பட்டது. மாற்றிய கேம், 'சிவாஜி 3டி' வகை. ரசிக்கலாம். ஆனால் அதற்காகவே எடுத்ததல்ல.

ஒரே இரவில் காணாமல் போகலாம்

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. இந்த மென்பொருள்கள் பெரும்பாலும் தனிமனிதர்கள் செய்பவை.

லூக் ராஸ் என்பவர் 'ஜிடிஏ 5', 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' போன்ற கேம்களுக்கு விஆர் மோட் செய்து, மாதச் சந்தா செலுத்துபவர்களுக்குக் கொடுத்துவந்தார். 2022 ஜூலையில் அந்த கேம்களின் உரிமையாளரான டேக்-டூ காப்புரிமைப் புகார் கொடுத்தது. மோட்கள் நீக்கப்பட்டன. 2026 ஜனவரியில் 'சைபர்பங்க் 2077' மோடுக்கும் அதே கதி. ரசிகர்கள் செய்யும் படைப்பை விற்கக் கூடாது, இலவசமாகத்தான் தர வேண்டும் என்பது சிடி ப்ராஜெக்ட் நிறுவனத்தின் வாதம்.

இலவச மோட்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. 'ஹாஃப் லைஃப் 2' விஆர் மோட் 2022 முதல் ஸ்டீமிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. ரசிகர்கள் செய்ததுதான், ஆனால் அசல் கேம் உங்களிடம் இருக்க வேண்டும். 'டூம்', 'குவேக்' போன்ற பழைய கேம்களை கம்ப்யூட்டர் இல்லாமல் குவெஸ்ட் ஹெட்செட்டிலேயே ஓடவைக்கும் 'டீம் பீஃப்' குழுவின் மோட்களும் இந்த வகைதான்.

அப்படியானால் வாங்கலாமா?

"பழைய கேம்களை மாற்றி விளையாடிக்கொள்ளலாம்" என்ற ஒரே காரணத்துக்காக ஹெட்செட் வாங்குவதாக இருந்தால், அவசரப்பட வேண்டாம். பணம் கட்டும் முன் இவற்றைப் பாருங்கள்.

* கம்ப்யூட்டர் தாங்குமா? யூஇவிஆர், வோர்ப்எக்ஸ் இரண்டுக்கும் தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள விண்டோஸ் கம்ப்யூட்டர் தேவை. ஆபீஸ் லேப்டாப்பில் நடக்காது. மானிட்டரிலேயே திணறும் கேம், ஹெட்செட்டில் நிச்சயம் திணறும்.
* போனை வைத்துப் பார்க்கலாமா? சில நூறு ரூபாய் டப்பாவுக்குள் போனைச் செருகிப் பார்க்கலாம். ஆனால் தலை திரும்புவதை மட்டுமே போன் கண்டுபிடிக்கும். முன்னால் சாய்ந்தால் தெரியாது. அதை வைத்து விஆரே இப்படித்தான் என்று முடிவு செய்ய வேண்டாம்.
* உங்கள் உடம்பு ஒத்துழைக்குமா? இது ஆளுக்கு ஆள் மாறும். நண்பரிடமோ, மால்களில் உள்ள விஆர் மையத்திலோ ஒருமுறை போட்டுப் பாருங்கள். பஸ்ஸில் போன் பார்த்தாலே குமட்டுபவர் என்றால் கூடுதல் கவனம் தேவை.
* வாரண்டி? வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஹெட்செட் என்றால், பழுதானால் இங்கே யார் பார்ப்பார்கள் என்று பில் போடும் முன்பே கேளுங்கள்.
* ஆன்லைன் கேம் வேண்டாம். பலர் சேர்ந்து விளையாடும் கேம்களில் இந்த மென்பொருளை மோசடிக் கருவி என்று நினைத்து உங்கள் கணக்கையே முடக்கிவிடலாம். தனியாக விளையாடும் கேம்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

ஏற்கெனவே ஹெட்செட் வைத்திருப்பவர்களா? அப்படியானால் தயங்க வேண்டாம். கார், விமானம் ஓட்டும் கேமிலிருந்து தொடங்குங்கள். அதில் நீங்கள் உட்கார்ந்திருப்பதும் கேமில் உட்கார்ந்திருப்பதும் ஒன்றே, கண் முன்னால் டேஷ்போர்டு அசையாமல் நிற்கும். முதல் நாள் 10 நிமிடம் போதும். திரைக் குலுக்கலை செட்டிங்ஸில் அணைத்துவிடுங்கள். லேசாகத் தலை கனத்தாலே கழற்றிவிடுங்கள். "கொஞ்ச நேரம் போனா பழகிடும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு விளையாடினால், அடுத்த முறை ஹெட்செட்டைப் பார்த்தாலே குமட்டும். கழற்றிய கையோடு பைக் சாவியை எடுக்காதீர்கள், தலை தெளியட்டும்.

ஜங்ஷனில் பக்கத்து ரயில் ஏமாற்றும்போது நாம் என்ன செய்கிறோம்? மறுபக்க ஜன்னலில் பிளாட்ஃபார்ம் தூணைப் பார்க்கிறோம். அது நகரவில்லை என்று தெரிந்ததும் வயிறு அடங்கிவிடுகிறது. ஹெட்செட்டுக்குள் அந்தத் தூண் இல்லை. விஆருக்காகவே செய்த கேம்களில் அதை ஒருவர் யோசித்து வைத்திருப்பார். மாற்றிய கேமில் அதை நீங்களேதான் வைத்துக்கொள்ள வேண்டும்.