உதட்டுக்குத் தடை, நாவுக்கு அனுமதி

கேக்கின்மேல் பதிக்கும் செர்ரிப் பழத்துக்குக் கண்ணைப் பறிக்கும் செந்நிறம் தருகிற எரித்ரோசின் என்னும் செயற்கைச் சாயம், மிகுதியாக உண்ட ஆண் எலிகளின் தைராய்டு சுரப்பியில் கட்டிகளை உண்டாக்கியது தெரியவந்ததன் காரணமாக, அமெரிக்க அரசாங்கம் 1990-இல் உதட்டுச்சாயம் முதலிய அலங்காரப் பொருள்களில் அதைத் தடைசெய்தது. ஆயினும், பூசிக்கொள்ளவே தகாதென்று விலக்கப்பட்ட அதே வஸ்துவுக்குக் குழந்தைகள் ஆசையோடு தின்னும் மிட்டாயில் இருந்த அனுமதியை, 2025 ஜனவரியில்தான் ரத்து செய்தார்கள். இத்தனை தாமதம் நியாயமாகாது. எலிக்கு நேரும் விளைவு மனித தேகத்தில் அவ்விதமே நேர்வதில்லை என்று நிபுணர்கள் சொல்வது உண்மையே. எனினும், பிராணிகளுக்குப் புற்றுநோய் விளைவிக்கும் சாயத்துக்கு அனுமதியில்லை என்பது 1960 முதல் அந்நாட்டுச் சட்டம். இந்தியாவில் அது இன்றும் அனுமதி பெற்ற சாயமே. மிட்டாய்ப் பொட்டலத்தில் அதன் குறியீடாகிய 127 என்ற எண்ணைத் தேடிப் பாருங்கள்.