சீர்ப்படுத்துவோர் தம்மைக் காத்தல்
(கலாத்தியர் 6:1-5)

சேலத்திலிருந்து ஏற்காட்டிற்குச் செல்லும் மலைப்பாதையில் 20 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. அதில் வண்டியோட்டுவோர் ஏறுவதைவிட இறங்குவதற்கே அதிகம் அஞ்சுவர். எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கவேண்டும் என்பது அவர்கள் கைக்கொள்ளும் விதி. பாதை பழகிவிட்டதென்று பிரேக்கை மட்டும் நம்பி விரைபவனுக்குப் பிரேக் சூடேறி, வேண்டிய வளைவில் பிடிக்காமற் போகும். பாவத்தோடு போராடுவோருக்குத் துணைநிற்கும் திருப்பணியிலும் பழக்கமே நமக்குக் கண்ணியாகிவிடக்கூடும்.

1. பவுல் அடிகளாரின் சொற்கள்

ஆவியின் கனியை விளக்கிய பவுல், உடனடியாக வீண்பெருமையைக் கண்டித்து (5:26), அதன் பின்னரே தவறியவனைச் சீர்ப்படுத்துவதைப்பற்றிப் பேசுகிறார். இவ்வரிசை தற்செயலானதன்று. சீர்ப்படுத்துதல் என்பதற்கு அவர் ஆளும் கிரேக்கச் சொல் 'கட்டார்டிட்சோ' என்பதாகும். செபெதேயுவின் குமாரர் படகிலிருந்து வலைகளைப் பழுதுபார்த்ததைக் கூறும் மாற்கு 1:19-இலும் இச்சொல்லே வருகிறது. கிழிந்த வலையை மீனவன் எறிந்துவிடுவதில்லை. மடியில் இட்டு, பொறுமையோடு கண்ணி கண்ணியாக முடிகிறான். சாந்தம் என்பது இத்தகைய கைப்பக்குவமே.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. சீர்ப்படுத்தும் கட்டளை 'நீங்கள்' என்று சபை முழுவதற்கும் பன்மையில் தரப்படுகிறது. எச்சரிக்கையோ திடீரென ஒருமைக்கு மாறி, 'நீ' என்று தனியாளைச் சுட்டுகிறது. நமது தமிழ்த் திருமறையும் இவ்வேறுபாட்டைக் காத்துள்ளது. பணி அனைவருக்கும் பொது; தன்னை ஆராய்வதோ ஒவ்வொருவனும் தானே செய்யவேண்டியது.

2. சேலம் தரும் பாடம்

சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது சேலம் மாவட்டத்திலேயே. நாள் 1937 அக்டோபர் 1. அதற்கு முன்பே இராஜாஜி திருச்செங்கோட்டு ஆசிரமத்திலிருந்து, 1929-இல் தொடங்கிய 'விமோசனம்' என்னும் இதழ் வாயிலாக இதற்காக உழைத்துவந்தார். எனினும் சட்டம் நிலைத்து நிற்கவில்லை. 1971-இல் அது தளர்த்தப்பட்டது. 1974-இல் மீண்டும் வந்தது. 2003 முதல் அரசு நிறுவனமே சில்லறைக் கடைகளை நடத்திவருகிறது. சட்டம் கடையை மூடலாம்; வீழ்ந்தவனருகில் அமர அதனால் இயலாது. அது சபையின் பணி.

எவ்வாறு அமர்வது? 1935 மே மாதம் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியை விட்டுச் சில மாதங்களே ஆன பில் வில்சன் என்பவர், மீண்டும் குடிக்கும் ஆவல் தம்மை நெருக்கியபோது, தம்மைப்போன்ற இன்னொரு குடிநோயாளியைத் தேடினார். ஒரு போதகருக்குத் தொலைபேசியில் பேசி, அவ்வழியாக மருத்துவர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தார். பெயர் வெளியிடாத குடிநோயாளிகள் இயக்கம் அச்சந்திப்பிலிருந்தே பிறந்தது. உதவச் சென்றவர் மேட்டிலிருந்து கைநீட்டவில்லை. தாமும் வீழக்கூடியவர் என்றறிந்தே சென்றார்.

3. நமது தவறு

இதனை நாம் காலங்கடந்தே கற்றோம். பல ஆண்டுகளுக்கு முன், இம்மலையிலுள்ள ஒரு சிறு சபையில் ஊழியம் செய்தபோது, காப்பித் தோட்டத் தொழிலாளர் ஒருவர் நம்மிடம் இரவில் வந்து தம் குடிப்பழக்கத்தை அறிக்கையிட்டார். பல மாதங்கள் உடன் நடந்தோம், அவர் விடுபட்டார். அடுத்த அறுப்பின் பண்டிகையில், பெயர் சொல்லாமல், அவர் கதையைப் பிரசங்க மேடையில் உரைத்தோம். சிறிய ஊரில் பெயர் தேவைப்படவில்லை. அதன்பின் அவர் ஆலயத்திற்கு வரவில்லை. நாம் வீடு தேடிச் சென்றபோது கதவு திறக்கப்படவுமில்லை. அவரது குடி நம்மைச் சோதிக்கவில்லை. அவரது விடுதலையே நம்மைச் சோதித்தது. தேவனுக்குரிய மகிமையில் நாம் பங்கு கேட்டோம்.

4. திருப்பணியாளர் காக்கவேண்டியவை

முதலாவது, நம்மிடம் அறிக்கையிடப்பட்டது நம் உடைமையன்று. அதைப் பிரசங்கத்திற்கும், ஜெபக் குறிப்பென்னும் பெயரால் பேச்சுக்கும் பயன்படுத்தலாகாது. இரண்டாவது, பிறரைத் தாங்கும் ஆயருக்கும் தம்மைத் திறந்து காட்டத்தக்க மூத்த ஊழியர் ஒருவர் வேண்டும். மூன்றாவது, மருத்துவமும் ஆற்றுப்படுத்தலும் வேண்டிய இடத்தில் தனியே நின்று மீட்பராக முயலாமல், தக்கவரிடம் அனுப்பவேண்டும். அதுவும் தாழ்மையே.

ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கவேண்டும் என்று 2ஆம் வசனமும், அவனவன் தன் சுமையைத் தானே சுமப்பான் என்று 5ஆம் வசனமும் கூறுவது முரண்பாடன்று. முன்னதில் உள்ள 'பாரோஸ்' ஒருவனை நசுக்கும் பளு. பின்னதில் உள்ள 'ஃபோர்டியோன்' அவனவனுக்குரிய மூட்டை. சகோதரனின் பளுவிற்குத் தோள் கொடுப்போம். ஆயினும் நமது மூட்டையை அவிழ்த்துப் பார்க்க மறவாதிருப்போம். ஏறிய கியரிலேயே இறங்குவோம்.