மனகோலமும் கடைவாய்ப் பல்லும்

காரைக்குடியில் செக்காலைப் பக்கம் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் பலகாரம் டின் டின்னாக இறங்கும். அதில் மனகோலத்தை எடுத்துக்கொள்வோம். உடைத்த முறுக்கு, பொட்டுக்கடலை, தேங்காய்ப் பல் எல்லாம் வெல்லப்பாகில் பிரண்டிருக்கும். ஒரு கை அள்ளி மென்றால் மாவும் பாகும் சேர்ந்து கடைவாய்ப் பல்லின் பள்ளத்தில் அப்பிக்கொள்ளும். நாக்கால் துழாவினாலும் லேசில் வராது. சொத்தை தொடங்குவது அந்த இடத்தில்தான்.

பல்லில் பூச்சி விழுந்துவிட்டது என்கிறோம். கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடித்தால் பூச்சி விழும் என்ற வைத்தியமும் நம் ஊர்களில் உண்டு. சொத்தைக்குள் புழு எதுவும் கிடையாது. பல்மேல் படியும் வழவழப்பான அழுக்கில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் வாழ்கின்றன. நாம் தின்னும் சர்க்கரையை அவையும் தின்று அமிலத்தைக் கழிக்கின்றன. அந்த அமிலம் பல்லின் மேலடுக்கான எனாமலில் உள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. பிறகு எச்சில் மெல்ல மெல்ல அமிலத்தைத் தணித்து, கரைந்த சத்தை ஓரளவு திருப்பிக் கொடுக்கிறது. இதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம்வரை ஆகும்.

அதனால், எவ்வளவு தின்றோம் என்பதோடு எத்தனை தடவை தின்றோம் என்பதையும் கணக்குப் பார்க்க வேண்டும். சுவீடனின் விப்பெஹோல்ம் காப்பகத்தில் 1940-களில் தொடங்கிய ஆய்வு இதைக் காட்டியது. சாப்பாட்டோடு இனிப்புத் தின்றவர்களுக்குச் சொத்தை அதிகம் கூடவில்லை; இடையிடையே ஒட்டும் மிட்டாய் தின்றவர்களுக்கு மளமளவென்று ஏறியது. அங்கிருந்த அறிவு வளர்ச்சி குன்றியவர்களை அவர்கள் சம்மதமின்றி இதற்குப் பயன்படுத்தியது பெருங்கொடுமை. இன்று யாரும் அப்படிச் செய்ய விட மாட்டார்கள்.

பலகாரத்தை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. மத்தியானச் சாப்பாட்டோடு சேர்த்துத் தின்னுங்கள், பிறகு நன்றாக வாய் கொப்பளியுங்கள். டின்னைத் திறந்து வைத்துவிட்டு போகிறபோதும் வருகிறபோதும் கொறிப்பதுதான் கெடுதல். வெல்லம் என்றால் பரவாயில்லை என்ற நினைப்பும் வேண்டாம். கிருமிக்கு வெல்லமும் சீனியும் ஒன்றே. பால் புட்டியை வாயில் வைத்தபடியே குழந்தையைத் தூங்கவிடுவது இன்னும் மோசம். தூக்கத்தில் எச்சில் குறைவதால் முன்பற்கள் வரிசையாகக் கரையும்.

வேப்பங்குச்சி அழுக்கை எடுக்கும். ஆனால் எனாமலை உறுதியாக்கும் ஃபுளோரைடு பேஸ்ட்டில்தான் உண்டு; அட்டையில் 1000 பிபிஎம் என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மூன்று வயதுக்குக் கீழே அரிசி மணி அளவு, அதற்கு மேல் ஆறு வயதுவரை பட்டாணி அளவு போதும். தர்மபுரி போல நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு மிகுந்த ஊர்களில் பல் கறைபடுவது வேறு பிரச்சினை. அங்கே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. இரவில் தூங்கப் போகுமுன் துலக்குவதை மட்டும் தவறவே விடாதீர்கள். துலக்கியதும் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டு அலச வேண்டாம்.

சொத்தையின் முதல் அடையாளம் ஓட்டை அல்ல, சுண்ணாம்பு பூசினாற்போன்ற வெள்ளைத் திட்டு. அந்தக் கட்டத்தில் ஃபுளோரைடாலும் கவனிப்பாலும் பல்லை மீட்டுவிடலாம். ஓட்டை விழுந்தபின் அடைத்தாக வேண்டும். ஆறு வயதில் பால்பற்களுக்குப் பின்னால் புதிதாக முளைக்கும் கடைவாய்ப் பல்லைப் பலர் விழுந்து முளைக்கும் பல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல். முளைத்ததும் பிள்ளையைப் பல் மருத்துவரிடம் கூட்டிப்போய்ப் பள்ளங்களை அடைக்கும் பூச்சு தேவையா என்று கேளுங்கள்.