நாற்பது வருடம் பரணில் கிடந்த கார் மறுபடியும் சீறும்... தெரியுமா?

அந்தப் பெட்டிக்குள் காரே கிடையாது, தெரியுமா? 1980-களில் ஜப்பானிலோ இங்கிலாந்திலோ ஒரு பிள்ளை மாதக்கணக்கில் காசு சேர்த்து, கடைக்கு ஓடி, மார்போடு அணைத்துக்கொண்டு வந்த ரேடியோ கண்ட்ரோல் கார் பெட்டியைத் திறந்தால், உள்ளே இருந்தது என்ன? சட்டங்களில் காய் காயாக ஒட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் துண்டுகள், பொட்டலம் பொட்டலமாகத் திருகுகள், நான்கு டயர், ஒரு மோட்டார், படம் போட்ட ஒரு விளக்கப் புத்தகம். அவ்வளவுதான்! காரை அந்தப் பிள்ளையேதான் செய்ய வேண்டும். சாப்பாட்டு மேசையை நாள்கணக்கில் பிடித்துவைத்துக்கொண்டு, பல்சக்கரத்துக்குக் கிரீஸ் தடவி, திருகு திருகாகப் பூட்டி முடித்த பிறகுதான் அது கார்.

அதிசயம் இங்கேதான் தொடங்குகிறது. பூட்டியதைக் கழற்ற முடியும் அல்லவா? ஒட்டி மூடிய பொம்மை கெட்டால் குப்பைக்குப் போகும். இது போகாது! 40 வருடம் தூசி தின்று கிடந்தாலும், கழற்றி, கழுவி, கெட்டதை மட்டும் மாற்றி, திரும்பப் பூட்டினால் ஓடும். அன்று பன்னிரண்டு வயதில் பூட்டியவர்கள் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். பெற்றோர் வீட்டைக் காலி செய்யப் போன இடத்தில் பரணிலிருந்து அந்தப் பெட்டி இறங்குகிறது. வந்த வேலையை மறந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இந்தக் கார்களால் உலகப் புகழ் பெற்ற தமியா நிறுவனம், முதலில் ஒரு மரக்கடை என்பது தெரியுமா? ஜப்பானின் ஷிசுவோகா நகரில் 1946-ல் தொடங்கியது. 1951-ல் தீப்பிடித்து மரமெல்லாம் எரிந்துபோனது. மரத்தில் செய்துவந்த குட்டிக் கப்பல்களும் விமானங்களும்தான் கைகொடுத்தன. 1953-ல் மர வியாபாரத்தையே விட்டுவிட்டு அவற்றில் முழுமூச்சாக இறங்கினார்கள். பிறகு போர்ஷே 934 காரைப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் செய்ய நினைத்தபோது, நிறுவனரின் மகன் ஷுன்சாகு தமியா செய்த காரியத்தைக் கேளுங்கள். படம் பிடித்தும் அளவெடுத்தும் மனம் ஆறாமல், நிஜமான போர்ஷே 911 ஒன்றையே விலைக்கு வாங்கி, அக்கக்காகப் பிரித்துப் போட்டுவிட்டார்! அதைத் திரும்பப் பூட்டுவதற்கு போர்ஷேக்காரர்களே வர வேண்டியிருந்தது. அந்தக் குட்டி 934-தான் 1976-ல் தமியாவின் முதல் ரேடியோ கண்ட்ரோல் காராக வந்தது. பிள்ளைகள் கையில் போகப்போகும் ஒரு பொருளுக்கு இவ்வளவு மெனக்கெட்ட மனிதரை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஷுன்சாகு 2025-ல் தம் 90-வது வயதில் காலமானார்.

அதன் பிறகு வந்த பெயர்களைப் பாருங்கள்! 1979-ல் மணலில் பாயும் சாண்ட் ஸ்கார்ச்சர். 1983-ல் ஃபிராக், அதாவது தவளை. 1984-ல் கிராஸ்ஹாப்பர், ஹார்னெட்: வெட்டுக்கிளியும் குளவியும். வெட்டுக்கிளிக்கும் குளவிக்கும் அடிச்சட்டம் ஒன்றுதான், தெரியுமா? இதயம்தான் வேறு. வெட்டுக்கிளியில் இருந்தது 380 வகை மோட்டார், சுமார் 28 மில்லிமீட்டர் தடிமன். குளவியில் 540 வகை, சுமார் 36 மில்லிமீட்டர். விரல் அகலம்கூட இல்லாத இந்த வித்தியாசம் ஓட்டத்தைத் தலைகீழாக மாற்றிவிடும்! குளவியின் பின்பக்கத்தில் மோட்டார், கியர்பெட்டி, அச்சு எல்லாம் ஒரே கட்டாக ஏறி இறங்கும். அதனால் மேடு பள்ளத்தில் அது ஓடாது, குதிக்கும். அந்தக் குதிப்புக்காகவே அதை விரும்புகிறவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சிதான்.

இப்போது பரணிலிருந்து இறக்கியதைப் பிரிப்போமா? நில்லுங்கள்! கையிலிருக்கும் ஸ்டார் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வையுங்கள். ஜப்பான் திருகின் கூட்டல் குறிப் பள்ளமும் மற்ற நாட்டு பிலிப்ஸ் திருகின் பள்ளமும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்றல்ல, தெரியுமா? ஜப்பானுக்கு ஜேஐஎஸ் என்று தனி அளவு இருக்கிறது. பிலிப்ஸ் முனை அதில் முழுதாக உட்காராது; அழுத்தித் திருகினால் வழுக்கி, பள்ளத்தையே சிராய்த்து வட்டமாக்கிவிடும். 40 வருடம் தாங்கிய திருகு ஒரு நொடியில் பாழ்! ஜேஐஎஸ் முனையுள்ள ஸ்க்ரூடிரைவர் ஒன்று வாங்கிப் பாருங்கள், அச்சில் வார்த்ததுபோல் உட்காரும்.

திரும்பப் பூட்டும்போது இன்னொரு ரகசியம். இந்தத் திருகுகள் நேராகப் பிளாஸ்டிக்கிலேயே மரை வெட்டிக்கொண்டு இறங்கியவை. அப்படியே அழுத்தி முடுக்கினால் பழைய மரைக்குக் குறுக்கே புது மரை வெட்டும். இரண்டு மூன்று தடவையில் துளை தளர்ந்துவிடும். அதனால் முதலில் கழற்றுவதுபோல் எதிர்ப்பக்கம் மெல்லச் சுற்ற வேண்டும். ஒரு இடத்தில் 'டக்' என்று சின்னதாக விழும். பழைய மரையின் வாய் அதுதான்! அங்கிருந்து முடுக்கினால் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். அந்த 'டக்' விரலில் படும் சுகத்துக்காகவே இன்னொரு கார் பிரிக்கலாம் என்று தோன்றும்.

ரிசீவருக்கான பேட்டரியை எடுக்காமலே பெட்டியில் போட்டுவிட்டார்களா? பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்கும். ஆப்பசோடா போட்டுத் துடைக்கலாம் என்று கை போகும், போகவிடாதீர்கள். அல்கலைன் பேட்டரியும் நிக்கல் காட்மியம் பேட்டரியும் கசியவிடுவது அமிலம் இல்லை, காரம்! காரத்தை அடக்குவது புளிப்பு. பஞ்சில் கொஞ்சம் வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ தொட்டுத் துடைத்துவிட்டு, ஈரமில்லாமல் உலர்த்தினால் போதும். கையுறை மட்டும் அவசியம்.

வயதாகி மொறுமொறுப்பான நைலான் பாகத்தை வெந்நீரில் கொதிக்கவைத்தால் மறுபடி இளமை வரும், இது தெரியுமா?! நைலான் தண்ணீர் குடிக்கும் பொருள். அந்த ஈரம்தான் அதற்கு வளைந்து கொடுக்கும் குணத்தைத் தருகிறது. வருடக்கணக்கில் காய்ந்துபோனால் லேசான இடிக்கே 'படக்'கென்று ஒடியும். கொதிநீரில் கொஞ்ச நேரம் கிடந்தால் இழந்த ஈரம் திரும்ப ஏறும், பிறகு இடித்தாலும் வளையும். ஆனால் எல்லாப் பாகத்தையும் பாத்திரத்தில் போட்டுவிடாதீர்கள். அடிச்சட்டம் ஏபிஎஸ் பிளாஸ்டிக் என்றால் அந்தச் சூட்டில் நெளிந்துவிடக்கூடும்.

வெடித்த டயருக்கு மட்டும் வைத்தியம் இல்லை. ஆனால் கவலை எதற்கு? அதே கார்களைக் கம்பெனியே மறுபடி அச்சேற்றியிருக்கிறது! ஹார்னெட் 2004-ல் திரும்பி வந்தது. கிராஸ்ஹாப்பரும் ஃபிராக்கும் 2005-ல், ஹாட்ஷாட் என்ற இன்னொரு கார் 2007-ல், சாண்ட் ஸ்கார்ச்சர் 2010-ல். அமெரிக்காவில் தங்கநிற அலுமினிய அடிச்சட்டத்தோடு 1984-ல் வந்து பந்தயங்களைக் கலக்கிய, வேறு கம்பெனியின் ஆர்சி10-கூட 2013-ல் மறுபிறவி எடுத்தது. புது டயர் பழைய சக்கரத்தில் ஏறிக்கொள்ளும். இங்கிலாந்தில் ஒரு நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போய், தமியாவின் 1985 வைல்ட் ஒன் காரை ஆள் உட்கார்ந்து ஓட்டும் அளவுக்குப் பெரிதாக்கியே செய்திருக்கிறது!

அந்தக் காலத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்தியது எது தெரியுமா? எலக்ட்ரானிக்ஸ் இல்லை. சர்வோ என்ற குட்டி மோட்டார் ஒரு சின்னக் கையை ஆட்டும். அந்தக் கை செம்புத் தகடுகளின் மேல் நகரும். மெதுவாகப் போக வேண்டுமானால் மின்சாரம் ஒரு ரெசிஸ்டர் வழியாகச் சுற்றிப் போகும். மிச்ச மின்சாரமெல்லாம் வெறும் சூடு! தொட்டால் கை சுட்டுவிடும். தகடு கறுத்திருந்தால் பென்சில் ரப்பரால் தேய்த்தாலே பளபளக்கும்.

ரேடியோவின் கதை இன்னும் அழகு. வயரில்லாமல் ஒரு வண்டியை ஓட்டும் வித்தையை நிகோலா டெஸ்லா 1898-லேயே நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஒரு குட்டிப் படகை வைத்துக் காட்டிவிட்டார்! 1980-களின் கார்களுக்கு 26.995 முதல் 27.255 மெகாஹெர்ட்ஸ் வரை ஆறு அலைவரிசைகள், ஆறு நிறங்கள்: பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம். அலைவரிசையைத் தீர்மானிக்கும் உங்கள் கிரிஸ்டலும் பக்கத்தில் நிற்பவர் கிரிஸ்டலும் ஒரே நிறம் என்றால் அவர் திருப்ப, உங்கள் கார் திரும்பும்! அதனால் அன்றைய பந்தய மைதானங்களில் ஒரு பலகையில் நிற நிறமாகக் கிளிப்புகள் தொங்கும். தன் நிறக் கிளிப்பைக் கையில் எடுத்தவர்தான் ரேடியோவை ஆன் செய்யலாம். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ தானே காலி இடம் பார்த்துக்கொள்கிறது. ஓட்டுவதற்கு அதைப் பொருத்துங்கள், ஆனால் பழைய கிரிஸ்டலைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

மேல்கூட்டுக்குப் பெயின்ட் அடிப்பது தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியம் மாதிரி, தெரியுமா? குளவியின் கூடு நிறமில்லாத பாலிகார்பனேட். பெயின்ட் உள்பக்கத்தில்தான். எல்லாவற்றுக்கும் மேலாகத் தெரிய வேண்டியதை முதலில் அடிக்க வேண்டும். பின்னணி நிறம் கடைசியில். வெளியே எவ்வளவு உரசினாலும் நிறம் கலையாது! வெட்டுக்கிளியின் கூடோ கெட்டிப் பிளாஸ்டிக், அதற்கு வெளிப்பக்கம்தான் பெயின்ட். இரண்டுக்கும் பெயின்ட் வகையே வேறு. மாற்றி அடித்தால் பாலிகார்பனேட்டில் செதில் செதிலாக உரிந்து வரும்.

கடைசியாகப் பேட்டரி. அன்று 1.2 வோல்ட் செல் ஆறு சேர்ந்த 7.2 வோல்ட் நிக்கல் காட்மியம். இன்று ஆசைப்பட்டு லித்தியம் பாலிமர் போடுவதற்கு முன் ஒரு நிமிடம்! பழைய செம்புத்தகடு அமைப்புக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது, கடைசிச் சொட்டு வரை உறிஞ்சும். ஒரு செல் 3 வோல்ட்டுக்கும் கீழே போனால் லித்தியம் பேட்டரி கெட்டுப்போகும். தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. பழைய அமைப்பு அப்படியே இருக்க வேண்டுமென்றால் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு போடுங்கள், கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம்.

ஓட்டியாயிற்றா? குதித்ததா? மோட்டார் ஆறட்டும். பேட்டரியைக் கழற்றுங்கள், பிரஷ்ஷால் மண்ணைத் தட்டுங்கள். பிறகு வயிற்றுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்து, நான்கு சக்கரமும் அந்தரத்தில் நிற்கும்படி வையுங்கள். தரையில் ஊன்றியே நின்றால் டயர் ஒரு பக்கம் சப்பையாகிவிடும்.